கார்டில் நான் செய்யாத கொடுப்பனவு, வங்கி என்னைத்தான் கட்டச் சொல்கிறது: கட்ட வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறீர்கள். ஒரு நாள் அதிகாலை 1.40 மணிக்கு உங்கள் கடனட்டையில் டொலரில் அடுத்தடுத்து மூன்று கொடுப்பனவுகள் போயிருக்கின்றன. ஓடிபி எதுவும் வரவில்லை என்கிறீர்கள். விடிந்ததும் கிளைக்குப் போனால் மதியம் வரை கதிரையில் உட்கார வைத்துவிட்டு, "நீங்கள்தான் எங்கேயாவது நம்பரைக் குடுத்திருப்பீங்க, கொழும்புக்கு கோல் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து, "கொடுக்கல்வாங்கல் முறைப்படி உறுதிப்படுத்தப்பட்டிருப்பதால் தொகைக்கு நீங்களே பொறுப்பு" என்று இரண்டு வரியில் ஒரு கடிதம். இப்போது அறவீட்டுப் பிரிவிலிருந்து ஒரே அழைப்பு. உங்கள் கேள்வி: இந்தக் காசை நான் கட்டத்தான் வேண்டுமா, ஆட்களை வங்கி இப்படி நடத்தலாமா?

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். கோபத்தில் இரண்டையும் ஒரே முறைப்பாட்டில் கலந்து எழுதினால், வங்கி சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லிவிடும். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு கடிதம் வரும், காசு அப்படியே நிற்கும். அதனால் காசை முதலில் பார்ப்போம், மரியாதையைப் பிறகு பார்ப்போம். யார் எடுத்தான் என்பதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் தலையிலிருந்து கடன் இறங்குவதற்குக் கள்ளன் பிடிபட வேண்டிய அவசியமில்லை.

நான் கொழும்பில் ஒரு வங்கியின் அட்டைப் பிரிவில், இப்படிப்பட்ட பிணக்குகளைப் பார்க்கும் மேசையில் நெடுங்காலம் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டேன். தெரிந்தவர்கள் கேட்டால் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். சட்டத்தரணி அல்ல. உங்கள் மாதக் கூற்றையும் (அட்டையின் ஸ்டேட்மென்ட்) வங்கியின் கடிதத்தையும் நான் பார்க்கவில்லை, நீங்கள் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மாதக் கூற்றில் கடையின் பெயர் நாம் அறிந்த பெயராக இருக்காது. கம்பனியின் பதிவுப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, பக்கத்தில் ஒரு வெளிநாட்டு நகரத்தின் பெயரோடு நிற்கும். விடுதி நடத்துகிறவர் என்பதால் அறை முன்பதிவுத் தளத்துக்கோ முகநூல் விளம்பரத்துக்கோ இதே அட்டையைப் பதிந்து வைத்திருப்பீர்கள். அவற்றின் கட்டணம் நம் நேரத்துக்கு நடுச்சாமத்தில் விழுவது சாதாரணம். அது மட்டுமல்ல, அட்டை களவு போகாமலே விளம்பரக் கணக்கை ஒருவன் கைப்பற்றித் தன் விளம்பரத்தை உங்கள் செலவில் ஓட்டுவதும் நடக்கிறது. அப்படியானால் அட்டையை நிறுத்துவதோடு அந்தக் கணக்கையும் மீட்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அட்டையிலும் இதுவே நடக்கும். வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுச் செயலியையும் ஒருமுறை பாருங்கள். இதில் எதுவுமே இல்லை என்று தெரிந்த பிறகு "நான் செய்யவில்லை" என்று எழுதுவது வேறு பலம்.

இனி "நீங்கள்தான் குடுத்திருப்பீங்க" என்ற பேச்சு. அது அறியாமையில் சொன்னது. அட்டை இலக்கத்தை ஒருவருக்கும் கொடுக்காமலே அது அடுத்தவன் கைக்குப் போக வழியுண்டு. பெரும்பாலான அட்டைகளின் 16 இலக்கங்களில் முன்பகுதி வங்கியைக் குறிப்பது. முன்பு 6 இலக்கம், 2022இலிருந்து 8 இலக்கம் என்று நியமம் மாறியது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கும் சரிபார்ப்பு இலக்கம். ஆக, நடுவில் மிஞ்சியதைக் கணினியால் உருட்டி உருட்டி, எது உயிருள்ள அட்டை என்று ஒரு டொலர், அரை டொலர் கொடுப்பனவு போட்டுப் பார்ப்பார்கள். பின்புறத்து மூன்று இலக்கத்துக்கு ஆயிரம் சாத்தியங்கள்தான். அதைக் கேட்காத கடைகளும் உலகில் உண்டு. உங்கள் கூற்றில் அந்த மூன்று பெரிய தொகைகளுக்குச் சில நாள் முன்பு, கண்ணில் படாத சில்லறைத் தொகை ஏதாவது வந்து போயிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் கடிதத்தில் எழுதவேண்டிய முதல் விடயம் அதுதான். நீங்கள் இலக்கத்தைப் பதிந்த ஏதோவொரு தளத்திலிருந்து தரவு கசிந்திருக்கவும் கூடும். இவற்றில் எது நடந்தது என்று உங்களாலும் சொல்ல முடியாது, கிளையில் இருந்தவராலும் சொல்ல முடியாது.

இப்போது முக்கியமான இடம். வங்கியின் கடிதத்தில் "முறைப்படி உறுதிப்படுத்தப்பட்டது" என்று இருக்கிறதே, அந்தச் சொல்லுக்குள் மூன்று நான்கு வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்லைன் கொடுப்பனவு ஒவ்வொன்றிலும், அட்டைக்காரரை அடையாளம் கண்டார்களா இல்லையா என்பதைக் காட்டும் இரண்டு இலக்கக் குறி பதிவாகும். ஈசிஐ என்பார்கள். விசா அட்டையில் 05 என்றால் முழு உறுதிப்படுத்தல் நடந்தது, 06 என்றால் கடைக்காரர் முயன்றார் ஆனால் முழுமையாக நடக்கவில்லை, 07 என்றால் அப்படி ஒன்று நடக்கவேயில்லை. மாஸ்டர்கார்டில் இதே வரிசையில் 02, 01, 00.

07 அல்லது 00 என்று இருந்தால் உங்கள் வழக்கு பலமானது. அட்டை நேரில் இல்லாமல், அடையாளமும் உறுதிப்படுத்தாமல் நடந்த மோசடிக்கு, விசா மாஸ்டர்கார்ட் விதிகளின்படி நட்டத்தைக் கடைக்காரர் பக்கத்துக்குத் திருப்பி அனுப்ப உங்கள் வங்கியால் முடியும். இதைத்தான் சார்ஜ்பேக் என்கிறோம். வங்கிக்குக் கையிலிருந்து போவது வேலைநேரமும் ஒரு சிறு கட்டணமும்தான். அந்த வழி திறந்திருக்க, அதைச் செய்யாமல் உங்களிடம் கேட்பது சோம்பலே தவிர வேறில்லை.

06 அல்லது 01 என்று இருந்தால் கதை சிக்கலாகும். முயன்ற கடைக்காரருக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடும், நட்டம் உங்கள் வங்கியின் பக்கம் வந்து நிற்கும். வங்கிக்குத் திருப்பிக் கேட்க ஆளில்லை. அப்போதுதான் வாடிக்கையாளர் மீது இறக்கி வைக்கப் பார்க்கிறார்கள். ஆனால் இந்தக் குறி இருக்கும்போது "நீங்கள் ஓடிபி போட்டீர்கள்" என்று வங்கியால் சொல்லவே முடியாது. உங்களை ஒருவரும் அடையாளம் கேட்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

05 அல்லது 02 என்று இருந்தாலும் கைவிட்டுவிடாதீர்கள். இப்போதைய முறையில், ஆபத்துக் குறைவு என்று கணினி மதிப்பிட்டால் ஓடிபி கேட்காமலே உறுதிப்படுத்தப்பட்டதாகப் பதிந்து அனுப்பிவிடும். வாடிக்கையாளருக்கு எந்தச் செய்தியும் வராது, குறி மட்டும் 05 என்று நிற்கும். ஆகவே ஓடிபி உண்மையில் கேட்கப்பட்டதா, கேட்கப்பட்டால் எந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு எத்தனை மணிக்குப் போனது, போய்ச் சேர்ந்ததற்குப் பதிவு உண்டா, அண்மையில் அந்த இலக்கத்தையோ மின்னஞ்சலையோ யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். சிம் அட்டையை மோசடியாக மாற்றி எடுத்து ஓடிபியைத் தங்கள் போனுக்கு வரவழைப்பதும் உண்டு. அந்த இரவில் உங்கள் போனில் சிக்னலே இல்லாமல் போயிருந்தால் அதை இன்றே எழுதி வையுங்கள்.

ஒரு விடயத்தில் உங்களையே நீங்கள் கடுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடிபி வந்து, அதை எங்கேயாவது போட்டீர்களா? தம்பலகாமத்து ஆசிரியை ஒருவர் இப்படித்தான், "ஒன்றுமே வரவில்லை" என்று உறுதியாகச் சொன்னார். அவருடைய போனை வாங்கிப் பார்த்தால் செய்தி இருந்தது. தபாலில் பொதி வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, சிறு தொகை கட்டினால் அனுப்புகிறோம் என்று வந்த லிங்கை அமத்தியிருக்கிறார். இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரில் சுற்றும் இந்தப் போலிக் குறுஞ்செய்தியைப் பற்றி அந்தத் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. வந்த பக்கத்தில் ரூபாவில் அற்பத் தொகை. வங்கியிலிருந்து வந்த ஓடிபி செய்தியிலோ பெரிய வெளிநாட்டுத் தொகை தெளிவாக இருந்தது. ஆனால் செய்தி ஆங்கிலத்தில், ஆறு இலக்கம் முதலில், தொகை மூன்றாவது வரியில். போனின் திரையில் மேலே எட்டிப் பார்ப்பது முதல் வரி மட்டும்தானே. அவர் இலக்கத்தைப் பார்த்தார், போட்டார், மறந்தார். அவர் பொய் சொல்லவில்லை. இப்படியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனமாகும், அதை மறைப்பதில் பயனில்லை. வங்கியின் பதிவில் எல்லாம் இருக்கும். நடந்ததை நடந்தபடி சொல்லி, ஏமாற்றப்பட்டேன் என்று எழுதுபவருக்கு ஒரு பங்கையாவது விட்டுக்கொடுக்கும் வங்கிகள் உண்டு. மறுத்துவிட்டுப் பிடிபட்டவருக்கு அதுவும் இல்லை. அப்படி விட்டுக்கொடுப்பது வங்கியின் மனதைப் பொறுத்தது, உரிமை என்று வாதாட முடியாது.

கால எல்லை இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் இவ்வகை மோசடிக்குச் சார்ஜ்பேக் போட வங்கிக்குப் பொதுவாக 120 நாள். வாடிக்கையாளர் எத்தனை நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதற்கு வங்கி தன் ஒப்பந்தத்தில் அதைவிட மிகக் குறுகிய தவணை வைத்திருக்கும். நீங்கள் மறுநாளே சொல்லிவிட்டீர்கள், நல்லது. ஆனால் வாயால் சொன்னீர்களா, எழுத்தில் கொடுத்தீர்களா? ஹொட்லைனில் பேசியிருந்தால் அழைத்த திகதி, நேரம், தந்த முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் தேடி எடுங்கள். போனில் அழைப்பு வரலாறு அழிந்திருந்தால் தொலைபேசிக் கம்பனியிடமிருந்து விபரப் பட்டியல் வாங்கலாம். ஒன்றரை மாதம் கழிந்தும் உங்களுக்கு நாள் மிச்சம் இருக்கிறது, ஆனால் வங்கியும் தன் பங்குக்கு ஆறப்போடும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

கடிதத்தை இப்படி எழுதுங்கள். முகவரி அட்டைப் பிரிவுக்கும் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும், பிரதி கிளை முகாமையாளருக்கு. அட்டையின் கடைசி நான்கு இலக்கம் போதும், முழு இலக்கத்தை எழுதவே வேண்டாம். மூன்று கொடுப்பனவுகளையும் திகதி, தொகை, கூற்றில் உள்ள பெயர் என்று தனித்தனி வரியில் போட்டு, "இவற்றை நான் செய்யவில்லை, செய்ய எவருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை" என்று ஒரு வசனம். அடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஈசிஐ குறி என்ன, ஓடிபி கேட்கப்பட்டதா, எந்த இலக்கத்துக்குப் போனது, எந்த நாட்டு இணைய முகவரியிலிருந்து நடந்தது, சார்ஜ்பேக் போடப்பட்டதா, போடாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். நேரத்தை இலங்கை நேரத்தில் தரச் சொல்லுங்கள். இது சின்ன விடயமில்லை. கிண்ணியாக்காரர் ஒருவருக்கு வந்த பதிவுப் பிரதியில் 20.10 என்று இருந்தது. "இரவு எட்டு மணிக்கு நீங்கள் முழித்துத்தானே இருந்திருப்பீர்கள்" என்று அதிகாரி கேட்கிறார். அது கிறீன்விச் நேரம். ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் நம் நேரத்துக்கு மறுநாள் 1.40. மனிதர் தூக்கத்தில். அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டியதும் மேசையில் பேச்சின் தொனியே மாறியது. கடைசியாக, தொகை மட்டுமில்லாமல் அதன்மேல் ஏற்றிய வெளிநாட்டுக் கட்டணம், முத்திரை வரி, வட்டி, தாமதக் கட்டணம் எல்லாவற்றையும் நீக்கக் கேளுங்கள். முதல் தொகையைத் திருப்பிவிட்டு இவற்றை மறந்துவிடுவது வங்கிகளின் பழக்கம்.

தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், கொழும்பில் ஒரு மேசை தாண்டுவது மிச்சம். எந்த மொழியானாலும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். மறுத்தால் வாக்குவாதப்படாமல் வெளியே வந்து பதிவுத் தபாலில் போடுங்கள். தபால் பற்றுச்சீட்டே முத்திரைக்குச் சமம். இதற்காக ஒருவரும் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டாம்.

"கட்டாதே, கார்டை வெட்டி எறி" என்று இங்கே பின்னூட்டத்தில் சிலர் சொல்லியிருக்கிறார்கள். கேட்காதீர்கள். உண்மையில் நீங்கள் செலவழித்ததை, பிணக்கில் உள்ள தொகையைக் கழித்துவிட்டு, தவணைக்கு முன்பே முழுதாகக் கட்டுங்கள். கட்டிய அன்றே "பிணக்குத் தொகை தவிர்ந்த எல்லாம் கட்டியுள்ளேன், விசாரணை முடியும்வரை பிணக்குத் தொகைக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் போடாமல் நிறுத்தி வையுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிறுத்தி வைப்பார்களா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். மறுத்தால் அந்த மறுப்பும் உங்கள் கையில் ஒரு கடதாசி. முழுவதையும் கட்டாமல் விட்டால் தவணை தவறியதாகக் கிரிப்புக்குப் போகும். கிரிப் என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கடன் தகவல் பணியகம். அது கறுப்புப் பட்டியல் வைத்திருப்பதில்லை, வங்கிகள் கொடுத்ததை அப்படியே வைத்திருக்கிறது. ஆனால் நாளைக்கு விடுதியைப் பெருப்பிக்கக் கடன் கேட்டால் முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

பயத்தில் பிணக்குத் தொகையை ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? அப்படியானாலும் உரிமை போகவில்லை. "பிணக்கைக் கைவிடாமல், வட்டிக்குப் பயந்து கட்டினேன்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஒருவகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம், இது கடனட்டை. டெபிட் அட்டையாக இருந்திருந்தால் போனது உங்கள் சேமிப்பு. வங்கி யோசித்து முடிக்கும்வரை வெறுங்கையோடு நீங்கள்தான் நின்றிருப்பீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தமிழில் தேடினால் வரும் பதில்களில் பாதி தமிழ்நாட்டிலிருந்து எழுதப்பட்டவை. "மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை, பத்து நாளில் பணத்தைக் கணக்கில் போட்டே ஆக வேண்டும்" என்று அவற்றில் இருக்கும். அது இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட உத்தரவு. நல்ல உத்தரவு, நமக்கும் அப்படியொன்று வரவேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். ஆனால் திருகோணமலையில் உள்ள கிளையை அது கட்டுப்படுத்தாது. அதைக் கடிதத்தில் எழுதினால், எழுதியவருக்குச் சட்டம் தெரியாது என்று அவர்களே சிரிப்பார்கள்.

நமக்கு உள்ளது வேறு. 2020இல் இலங்கை மத்திய வங்கி நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் என்று ஒன்றைத் தொடங்கியது, தொலைபேசி இலக்கம் 1935. 2023இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்தன. வாடிக்கையாளரை நியாயமாக நடத்துவதும் முறைப்பாட்டைக் கையாள ஒழுங்கான ஏற்பாடு வைத்திருப்பதும் அதோடு வங்கிகளின் கடமையாயின. உங்கள் இரண்டாவது கேள்வி இங்கேதான் போகிறது. ஆனால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்க வேண்டும். நேரே 1935க்கு எடுத்தால் "வங்கிக்குக் கொடுத்தீர்களா" என்றுதான் முதலில் கேட்பார்கள். மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலும் ஒரு பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் நின்றால் அட்டைப் பிணக்குத் தீரும் என்று நினைக்காதீர்கள், அதன் வேலை பெரும்பாலும் பிராந்திய அபிவிருத்தியும் கடன் திட்டங்களும். முறைப்பாடு போகவேண்டியது அந்தத் திணைக்களத்துக்கே. அது தவிர, கட்டணம் வாங்காமல் விசாரிக்கும் நிதியியல் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார். அங்கும் வங்கியின் முடிவுக் கடிதம் தேவை. உங்களுக்கு வந்த அந்த இரண்டு வரிக் கடிதம் இப்போது உங்களுக்கு எரிச்சலைத் தந்தாலும், அடுத்த வாசலுக்கான அனுமதிச்சீட்டு அதுதான். கசக்கி எறிந்திருந்தால் மறுபிரதி கேளுங்கள்.

பொலிஸுக்குப் போகவேண்டுமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். போங்கள், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். சட்டம் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் இருக்கிறது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் இருக்கிறது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்கென்றே ஒரு பிரிவும் உண்டு. ஆனால் வெளிநாட்டுத் தளத்தில், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஒருவன் செய்ததற்குத் திருகோணமலைத் தலைமையகப் பொலிஸில் கொடுக்கும் முறைப்பாட்டால் ஆள் பிடிபடுவது அபூர்வம். அந்த முறைப்பாட்டின் பயன் வேறு. நீங்கள் பொய்யாகச் சொல்லவில்லை என்பதற்கு அது திகதியிட்ட ஒரு சான்று, பல வங்கிகள் அதன் பிரதியைக் கேட்கவும் செய்கின்றன. வாக்குமூலத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த அதிகாரி அந்த நேரம் இல்லையென்றால் வேறொரு நேரம் வருகிறேன் என்று சொல்லலாம். வாசிக்க முடியாத ஒன்றில் கையெழுத்து வைக்காதீர்கள். "கடனட்டை தொலைந்தது" என்று எழுதப்பட்டு, அட்டை பையிலேயே இருந்த ஒருவரின் வழக்கு அந்த ஒரு சொல்லால் எத்தனை மாதம் இழுபட்டது என்பதை நான் பார்த்திருக்கிறேன். போலி இணையப் பக்கம் ஏதும் சம்பந்தப்பட்டிருந்தால் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலை அணிக்கும் சொல்லுங்கள், இலக்கம் 101.

கிளையில் நடத்திய விதத்துக்கு வருகிறேன். நியாயப்படுத்தவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு முன்னால் இருந்த அந்தப் பிள்ளைக்குக் கடனட்டை முறைமைக்குள் போக அனுமதியே இருந்திருக்காது. உங்கள் கொடுப்பனவின் குறி 05ஆ 07ஆ என்று பார்க்கும் திரை கொழும்பில் அட்டைப் பிரிவில் இருக்கிறது. கிளையில் உள்ளவர் நிலை, மருந்துப் பெட்டி பூட்டப்பட்ட ஆஸ்பத்திரியில் வாசலில் நிற்கும் காவலாளியின் நிலை. ஒன்றும் செய்ய முடியாதவர், ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லவும் கூடாதவர். அந்த இக்கட்டில் எளிதாக வாயில் வருவது வாடிக்கையாளரைக் குற்றம் சொல்வது. டையும் சேட்டும் போட்டு ஆங்கிலத்தில் நாலு வசனம் பேசுகிறவரை அப்படிச் சொல்லமாட்டார்கள் என்பதும் உண்மை. உப்புவெளியிலிருந்து ஒரு பெண் தனியாக வந்து தமிழில் கேட்டால் சொல்வார்கள். இதை எழுதத்தான் வேண்டும். எப்படி எழுதுவது என்றால், "அவமானப்படுத்தினார்கள்" என்று எழுதாமல், "இன்ன திகதி காலை இத்தனை மணிக்கு டோக்கன் எடுத்தேன், இத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், இன்ன கவுண்டரில் இன்ன வசனம் சொல்லப்பட்டது, டிஸ்பியூட் ஃபோர்ம் தரப்படவில்லை" என்று எழுதுங்கள். படிவம் தராதது கோபத்தை விடப் பெரிய குற்றச்சாட்டு. பிணக்கைப் பதியவிடாமல் நாளைக் கடத்தியதாகிறது, முதலில் சொன்ன 120 நாள் கணக்கோடு அது நேரே முட்டுகிறது. டோக்கன் துண்டு கைப்பையில் கிடந்தால் படம் எடுத்து வையுங்கள்.

அறவீட்டு அழைப்புகளுக்கு ஒரே பதில்: "இந்தத் தொகை எழுத்து மூலப் பிணக்கில் இருக்கிறது, முறைப்பாட்டு இலக்கம் இது, இனி எழுத்தில் தொடர்புகொள்ளுங்கள்." அதற்கு மேல் கதை வேண்டாம். அழைப்பவர் பெரும்பாலும் வெளியாள், கமிஷனுக்கு வேலை செய்பவர், உங்கள் பிணக்கைப் பற்றி அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மிரட்டினாலோ, அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் எடுத்துக் கதைத்தாலோ, நேரம் குறித்துக்கொண்டு அதையும் முறைப்பாட்டோடு சேருங்கள். அவர் யாருடைய சம்பளத்தில் இருந்தாலும் அவர் செய்வதற்கு வங்கிதான் பதில் சொல்ல வேண்டும்.

முகநூலில் வங்கியின் பெயரைப் போட்டு எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சில வேளை ஒரே நாளில் வேலை நடக்கும், அதை மறுக்கமாட்டேன். ஆனால் கடிதம் கொடுத்து, பதிலுக்கு நியாயமான அவகாசம் விட்ட பிறகு செய்யுங்கள். ஊழியரின் பெயரையோ படத்தையோ போடாதீர்கள், அது உங்கள் மேலேயே திரும்பும். இன்னொன்று, இப்படி வெளியில் எழுதிய மறுநாளே வட்ஸ்அப்பில் ஒருவர் வருவார். "போன காசை மீட்டுத் தருகிறோம், முதலில் ஒரு சிறு கட்டணம்" என்பார், இல்லாவிட்டால் வங்கி அதிகாரி என்று சொல்லி ஒரு ஓடிபி கேட்பார். ஒருமுறை ஏமாந்தவரைத் தேடிப் பிடித்து மறுபடி ஏமாற்றுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது.

நீதிமன்றத்தை இப்போது நினைக்க வேண்டாம். தொகை பெரிதாக இருந்து, நான் சொன்ன எல்லா வாசலும் அடைபட்டால் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அவர் கையில் கொடுக்க அப்போது ஒரு கோவை நிறையக் கடதாசி இருக்கும். அதில்லாமல் போனால் முதல் ஆலோசனையே "வங்கிக்கு எழுதுங்கள்" என்பதாகத்தான் இருக்கும், அதற்கும் கட்டணம்.

பதில் வந்ததும் அந்த இரண்டு இலக்கக் குறியை மட்டும் இங்கே எழுதுங்கள், அடுத்த கடிதத்தில் எதை அழுத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். கடிதத்தையே படம் எடுத்துப் போடுவதென்றால் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், அட்டையின் கடைசி நான்கு இலக்கம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.